முதல் வேலையே ஸ்பெஷாலிட்டியில் வேண்டும் என்கிற புதிய பிஏக்களுக்கு

அமெரிக்காவில் பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டண்ட், டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கிறவர்) படிப்பை முடிக்கிற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார், முதல் இரண்டு வருஷம் ஃபேமிலி மெடிசின்ல இரு, அப்புறம் பிடிச்ச துறைக்குப் போ என்று. தப்பான அறிவுரை இல்லை, ஆனால் அது சட்டமும் இல்லை. டெர்மட்டாலஜியோ ஆர்த்தோவோ கார்டியாலஜியோ, நேராக அதிலேயே ஆரம்பிக்கலாம். துறையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், அங்கே உங்களுக்குச் சொல்லித்தரப் போவது யார் என்று பாருங்கள்.

டாக்டர்களுக்குப் படிப்பு முடிந்ததும் குறைந்தது 3 வருஷம் ரெசிடென்சி, அதாவது மேற்பார்வையில் ஒரு துறைப் பயிற்சி, இருக்கிறது. நமக்குச் சுமார் 2,000 மணி நேர ரொட்டேஷன் (படிக்கும்போதே துறை துறையாக மாறிச் செய்கிற பயிற்சி), பான்ஸ் (PANCE) என்கிற சான்றிதழ்த் தேர்வு, லைசென்ஸ், அவ்வளவுதான். பான்ஸும் பொது மருத்துவத் தேர்வு. நீங்கள் ஆசைப்பட்ட துறையில் ஒரு எலெக்டிவ் (நீங்களே தேர்ந்தெடுக்கிற ரொட்டேஷன்) செய்திருந்தாலே பெரிய விஷயம். ஆக மீதியை முதல் வேலையில்தான் கற்கவேண்டும், அந்த இடம் அதற்குத் தயாராக இருக்கிறதா என்பதை நேர்முகத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

"நல்லா ட்ரெயின் பண்ணுவோம்" என்பது பதிலே இல்லை. முதல் மாதம் ஒரு நாளைக்கு எத்தனை பேஷண்ட், மூன்றாம் மாதம் எத்தனை, ஆறாம் மாதம் எத்தனை என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டால் அவர்கள் ஏற்கெனவே புதியவர்களை வளர்த்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் அதே கட்டடத்தில் இருப்பாரா, இல்லை வேறு கிளையிலிருந்து ஃபோனில்தானா? புதியவரைத் தனியாக ஒரு கிளையில் உட்கார வைக்கிற வேலை என்றால், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம் என்பேன். உங்களுக்கு முன்னால் இருந்த பிஏ ஏன் போனார் என்று கேளுங்கள், இப்போது இருக்கிற பிஏவிடம் டாக்டர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். முடிந்தால் ஒரு நாள் ஷேடோ செய்யுங்கள், கூடவே இருந்து வேலையைப் பாருங்கள்: யாராவது சந்தேகம் கேட்டால் அந்த டாக்டர் முகம் எப்படி மாறுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

ஸ்பெஷாலிட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றில்லை. மருத்துவமனைக்குள் கார்டியாலஜி பார்த்தால் சர்க்கரை, சிறுநீரகம், நுரையீரல் எல்லாமே கூடவே வரும், பொது மருத்துவம் கையைவிட்டுப் போகாது. கை அறுவை சிகிச்சை கிளினிக்கில் அப்படி இல்லை. சில சர்ஜரி வேலைகளில் நோட் எழுதுவதும் டிஸ்சார்ஜ் போடுவதுமே முழுநேரமாகிவிடும், அதனால் வாரத்தில் எத்தனை நாள் ஆபரேஷன் தியேட்டர், எத்தனை நாள் கிளினிக், ஆன்-கால் டியூட்டி (அழைத்தால் வரவேண்டிய முறை) எப்படி என்று பிரித்துக் கேளுங்கள். பிஏக்களுக்குச் சான்றிதழ் தருகிற என்சிசிபிஏ அமைப்பின் சான்றிதழைப் புதுப்பிக்க 10 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மதிப்பீட்டிலும் பொது மருத்துவம்தான் அடிப்படை, குறுகிய துறைக்குப் போகிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது. 2 வருஷத்துக்கு 100 சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி) கிரெடிட் எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள், அதில் கொஞ்சத்தைப் பொது மருத்துவத்துக்கு ஒதுக்கினால் சரி. சிஏக்யூ (ஒரு துறைக்கென்று வாங்குகிற கூடுதல் சான்றிதழ்) பற்றி இப்போது கவலைப்படாதீர்கள், அது அனுபவம் சேர்ந்த பிறகு.

நல்ல ஆசிரியர் கிடைக்காவிட்டால் ஃபெலோஷிப், அதாவது படிப்புக்குப் பிறகு ஒரு துறையில் எடுக்கிற பயிற்சி, ஒரு வழி. பெரும்பாலும் ஒரு வருஷம், சம்பளம் குறைவு, கட்டாயம் கிடையாது. எமர்ஜென்சி, கிரிட்டிகல் கேர் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஒரு வருஷம் வீண்போகாது என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு முன்னால் மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான இன்ஷூரன்ஸ்) பகுதியைப் படியுங்கள். கிளெய்ம்ஸ்-மேட் பாலிசி (அது நடப்பில் இருக்கும்போது வருகிற வழக்குக்கு மட்டும் பணம் தருவது) என்றால் வேலையை விடும்போது டெயில் கவரேஜ், அதாவது பிறகு வருகிற வழக்குக்கான பாதுகாப்பு, யார் தலையில் என்று எழுத்தில் இருக்கட்டும், அது சின்னத் தொகை இல்லை. நான்-கம்பீட் (வேலையை விட்டபின் பக்கத்தில் அதே வேலை செய்யக் கூடாது என்கிற நிபந்தனை) இருந்தால் எத்தனை மைல், எத்தனை வருஷம், மாநிலச் சட்டம் அதை ஏற்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். சின்ன ஊரில் ஒரே துறையில் இருக்கிறவருக்கு அந்த ஒரு வரி வீடு மாறுகிற அளவுக்குப் போய்விடும். ட்ரெயினிங் செலவைத் திருப்பிக் கேட்கிற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஆர்வியூ போனஸை (செய்த சிகிச்சை வேலையின் அளவைக் கணக்கிட்டுத் தருவது) முதல் வருஷக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், மெதுவாகப் பார்த்துக் கற்கிற காலத்தில் அது வராது.

கையெழுத்துப் போட்ட பிறகும் கிரெடென்ஷியலிங் (மருத்துவமனையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உங்கள் தகுதியைச் சரிபார்ப்பது) முடிய மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை சம்பளம் வராது என்று வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள்.