ரெண்டு வட்டி, தண்டல், பிளாட் ரேட்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

மதுரைக் கடைவீதியில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். வங்கி சொல்லும் 12 சதவீதம் ஆண்டுக்கு. பன்னிரண்டைவிட ரெண்டு குறைச்சல்தானே என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மூணு வட்டி 36. மாதக் கணக்கில் சொன்னால் உடனே 12-ஆல் பெருக்கிவிடுங்கள்.

தண்டலுக்கு அந்தப் பெருக்கல் போதாது. 10,000 ரூபாய்க்கு எழுதி, 1,000-ஐ முன்வட்டியாகப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் உங்களிடம் நிற்பதில்லை. மறுநாளிலிருந்தே திரும்பிப் போகிறது. சராசரியாக நிற்பது 4,500 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 1,000 வட்டி என்றால், ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டும். மாட்டுத்தாவணியில் விடியற்காலை காய் எடுத்து அன்றே விற்றுவிடும் தள்ளுவண்டிக்காரர் இதைச் சமாளிக்கலாம். விளக்குத்தூண் பக்கம் மாதக்கணக்கில் சரக்கு தேங்கும் துணிக்கடைக்குக் கட்டுப்படியாகாது.

பிளாட் ரேட் என்றால், அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவது. இதே வித்தைதான், கொஞ்சம் நாசூக்காக. ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் பிளாட், 12 தவணை: மாதம் 9,333 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் அதே 12 சதவீதத்துக்குத் தவணை 8,885 மட்டுமே. அதாவது அந்த பிளாட் 12, உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல். "பிளாட்டா, குறையும் இருப்பா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்துக் கைக்கு எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு தொகையையும் எழுதி வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு இந்த விவரங்களைத் தனித்தாளில் தந்தாக வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

நகை அடகில் பார்க்க வேண்டியது நிகர எடை. கல், அரக்கு கழித்த தங்கத்துக்குத்தான் மதிப்பு. தெற்காவணி மூல வீதியில் வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் எதுவும் இதில் சேராது. மொத்த எடை, நிகர எடை, மீட்க வேண்டிய கடைசித் தேதி மூன்றும் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகையைக் கையை விட்டுக் கொடுங்கள்.