776 பவுண்டு கட்டியவன் 240 பவுண்டு அழுத கதை

மாணவர் விசாவில் இங்கிலாந்து வரும் நாம் எல்லோரும் வருடத்துக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். அப்படியும் என் அறைத்தோழன் ஒரு தனியார் கிளினிக்கில் 240 பவுண்டு அழுதுவிட்டு வந்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, வங்கிக் கணக்கு, ஈவிசா எல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். பால்வினைத் தொற்றுப் பரிசோதனையைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஊரில் இந்தப் பேச்சு என்றாலே லாட்ஜில் அறை போட்டு மாதம் ஒருமுறை வரும் வைத்தியரின் சுவரொட்டிதானே ஞாபகம் வருகிறது! கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் பக்கத்து ஊர் லேபில் பணத்தைக் கட்டிவிட்டு மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வாங்கிக்கொள்வார்.

அவனும் அதையேதான் செய்தான். ஒரு பார்ட்டியில் ஒரு பெண்ணோடு நெருங்கிவிட்டு வந்த மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பக்கம் போனால் விசாவில் ஏறிவிடும், வீட்டுக்குக் கடிதம் போய்விடும் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டான். கூகுளில் தேடி, மேலே வந்த விளம்பரத்தை அழுத்தினான். 'அன்றே முடிவு' என்றார்கள். எல்லாம் நெகடிவ். இரண்டு பிரியாணி வாங்கிவந்து கொண்டாடினான்.

மூன்றாம் நாளில் என்ன தெரியும்? கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகள் பரிசோதனையில் நம்பும்படி தெரிய இரண்டு வாரம் ஆக வேண்டும். ஆய்வகத்தில் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 45 நாள், சிபிலிஸுக்கு 12 வாரம். இதைப் பணம் வாங்கியவர்கள் அவனிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் விதிவிலக்கு: எச்.ஐ.வி. பயம் நியாயமானது என்றால் நாள் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய்விடலாம்.

பிப்ரவரியில் எச்.ஐ.வி. பரிசோதனை வாரம் வந்தது. மாணவர் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு, ஆணுறையும் மிட்டாயும் ஒரே கூடையில் வைத்துப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மிட்டாய்க்காகப் போன என் அறைத்தோழன் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் இலவசக் கிட் வரவழைத்தான். கிளமிடியா பாசிடிவ். அறிகுறி ஒன்றுகூட இல்லை. ஆண்களில் பாதிப் பேருக்கு இருக்காதாம், பெண்களில் இன்னும் அதிகம். ஒரு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, இலவசம். அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று தவித்தான். இவன் பெயர் வராமல் கிளினிக்கே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பாலியல் நலக் கிளினிக்குக்கு ஜி.பி. கடிதம் வேண்டாம். பரிசோதனையும் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம், 776 கட்டாதவருக்கும்கூட. எச்.ஐ.வி. சிகிச்சையும் 2012 அக்டோபரிலிருந்து அப்படித்தான். நீங்கள் சம்மதிக்காமல் ஜி.பி.க்கும் சொல்ல மாட்டார்கள். லண்டன் என்றால் 'செக்ஷுவல் ஹெல்த் லண்டன்' தளத்தில் கிட் கேட்கலாம். மற்ற ஊர்களில் கவுன்சிலை (உள்ளாட்சியை) பொறுத்தது, அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். உறை மேல் ஒன்றும் எழுதியிருக்காது, வீட்டில் கூட இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் முடிவு குறுஞ்செய்தியாக வரும். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி போனை மாற்றி வையுங்கள்.

கிட்டில் சறுக்கும் இடம் இரண்டு. முதலாவது சிறுநீர். ஊர் லேபில் 'முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடி' என்பார்கள். இங்கே நேர்மாறு: ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்து, முதலில் வருவதையே பிடிக்க வேண்டும். (பெண்களுக்குச் சிறுநீர் இல்லை, பிறப்புறுப்பில் தாங்களே தடவி எடுக்கும் பஞ்சுக்குச்சி.) அடுத்தது விரல் ரத்தம். ஜனவரிக் குளிரில் குத்தினேன், ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. குழாயில் கோடு வரை நிரம்பாவிட்டால் மறுபடியும் கிட் வரவழைக்க வேண்டும். கையை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக் குத்துங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், உள்ளங்கையிலிருந்து நீவுங்கள்.

அம்மா கட்டிக்கொடுத்த மாத்திரைப் பையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும், இதற்கென்று அதைத் தொடாதீர்கள். கொனோரியாவுக்கு இங்கே ஊசிதான். அரைகுறை மருந்து எரிச்சலை அடக்கிவிட்டுக் கிருமியை விட்டுவைக்கும். 2023இல் இங்கிலாந்தில் மட்டும் 85,223 முறை கொனோரியா கண்டறியப்பட்டது, 1918இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் உச்சம்.

ஆங்கிலம் தடுமாறினால் மாமாவையோ சித்தியையோ கூட்டிப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கிளினிக்கே இலவசமாகத் தரும். 'நம்ம ஊர்க்காரர் யாராவது வந்துவிட்டால்?' என்ற பயம் நியாயம்தான். தொலைபேசியில் பேசுபவராகக் கேளுங்கள், உங்கள் பெயரையும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெற்காசியர் உள்ளிட்ட சிறுபான்மைச் சமூகங்களுக்கென்று லண்டனில் 1991இல் தொடங்கிய நாஸ் ப்ராஜெக்ட் மாதிரி அமைப்புகளும் உண்டு.

எங்கள் தமிழ் மாணவர் சங்கப் பொங்கல் விழாவில் இதற்கு ஒரு மேசை போடக் கேட்டோம். 'கரும்பு கட்டுற இடத்துல இதா?' என்று பெரியவர் ஒருவர் முறைத்தார். அப்புறம் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் கியூ.ஆர். கோடை ஒட்டினோம். விழா முடிந்து கிழிக்கப் போனபோது ஒரு கதவில் அது இல்லை. யாரோ அலுங்காமல் உரித்து எடுத்துப் போயிருந்தார்கள்.