வர்ஜீனியா கிராமத்து கவுண்டியில வீடு கட்ட பெர்மிட் வாங்குறது எப்படி: பிளானை சுருட்டி வைங்க, முதல்ல மண்ணைப் பாருங்க

நார்தர்ன் வர்ஜீனியாவுலயும் ரிச்மண்ட் பக்கமும் இருக்கிற நம்மாளுங்க இப்போ அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர்னு உள்ள தள்ளி நிலம் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க, ஊர்ல தோட்டத்து வீடு இருக்குமே அந்த மாதிரி ஒண்ணு கட்டிடணும்னு ஆசை. நானும் அந்த கேஸ்தான். ரிச்மண்டுக்கு மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கவுண்டி (நம்மூரு மாவட்டம் மாதிரி), அஞ்சு ஏக்கர். நான் சாஃப்ட்வேர் ஆளு, கட்டட வேலை பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆன்லைன்ல வாங்கின வீட்டு பிளானை பிரிண்ட் போட்டு சுருட்டி எடுத்துக்கிட்டு நேரா பில்டிங் ஆபீஸ் கவுன்டர்ல போய் நின்னேன். அங்க இருந்த அம்மா அதைப் பிரிச்சுக்கூட பாக்கல, "டஸ் இட் பெர்க்?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. உங்க மண்ணு தண்ணியை உள்ள இழுக்குமான்னு கேக்குறாங்கன்னே வீட்டுக்கு வந்து தேடினப்புறம்தான் புரிஞ்சுது.

பில்டிங் பெர்மிட் இங்க முதல்ல வாங்குற காகிதம் இல்ல, கடைசியா கைக்கு வர்றது. கிராமத்துல பாதாள சாக்கடை கிடையாது, கவுண்டி தண்ணி கிடையாது, அதனால கழிவுத் தண்ணி எங்க போகும்னு முடிவாகாம பெர்மிட் தரக்கூடாதுன்னு மாநில சட்டத்துலயே இருக்கு. அந்த வரிசையிலயே சொல்றேன்.

படி 1: நிலத்தோட ஜாதகம்

கவுண்டி வெப்சைட்ல ஜிஐஎஸ் மேப்னு ஒண்ணு இருக்கும், உங்க டேக்ஸ் மேப் நம்பரைப் போட்டா நிலம் வந்துடும். அதுல ஸோனிங் என்னன்னு பாருங்க, பெரும்பாலும் ஏ-1னு விவசாய ஸோனா இருக்கும், அதுல வீடு கட்டலாம். ரோட்டுல இருந்தும் பக்கத்து எல்லையில இருந்தும் எத்தனை அடி விடணும்ங்கறது, அதான் செட்பேக், கவுண்டிக்கு கவுண்டி மாறும், பிளானிங் ஆபீஸ்ல ஒரு போன் போட்டா சொல்லிடுவாங்க. ஃபீமாங்கற மத்திய அரசு பேரிடர் ஏஜென்சியோட வெள்ள மேப்பையும் பாத்துடுங்க, அழகா ஓடை ஓடுதுன்னு வாங்கின நிலத்துல பாதி வெள்ளப் பகுதியா இருக்கும். இன்னொண்ணு, பத்திரத்துல கவனன்ட்னு பழைய ஓனருங்க போட்ட கண்டிஷன் எல்லாம் இருக்கலாம், கோழி வளக்கக்கூடாது, இத்தனை சதுர அடிக்குக் குறைஞ்சு கட்டக்கூடாதுன்னு. கவுண்டி அதைப் பாக்காது, நீங்கதான் பாக்கணும்.

படி 2: மண்ணு, செப்டிக், கிணறு

இதுலதான் நான் நாலு மாசம் உக்காந்தேன், நீங்களும் பொறுமையா படிங்க.

லைசென்ஸ் வாங்கின சாயில் எவால்யுவேட்டர் ஒருத்தரை நம்ம காசுல வெச்சுக்கணும். எங்க நிலத்துக்கு வந்தவரு கையால சுத்துற ஆகரை, அதான் மண்ணைத் துளைக்கிற கருவியை, தோள்ல போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள நடந்தாரு, சுத்திச் சுத்தி இறக்கி வெளிய எடுத்த மண்ணை ஆழத்தோட வரிசைப்படி தரையில கோடா அடுக்கினாரு. மேல பழுப்பு, கீழ போகப்போக நம்மூரு செம்மண் மாதிரி சிவப்பு களிமண்ணு. ஒரு உருண்டை எடுத்து தண்ணி தெளிச்சு பிசைஞ்சு கட்டைவிரலால ரிப்பன் மாதிரி தள்ளிப் பாத்தாரு, உடையாம எவ்வளவு நீளம் வருதோ அவ்வளவு களி, அவ்வளவு மெதுவா தண்ணி இறங்கும். அப்புறம் கலர் சிப் ஒட்டின ஒரு சின்ன புக்கைப் பக்கத்துல வெச்சு நிறத்தைப் பாத்தாரு. சிவப்பா இருந்தா காத்து போகுது, நல்லது. சாம்பல் கலர்ல திட்டு திட்டா வந்தா வருஷத்துல சில மாசம் அந்த ஆழத்துல தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். நான் வீடு வரணும்னு நெனச்ச மேடு முழுக்க நல்ல மண்ணு, ஆனா அங்க டிரெய்ன்ஃபீல்டு, அதான் செப்டிக் டேங்க்ல இருந்து வர்ற தண்ணி மண்ணுக்குள்ள இறங்குற இடம், போட்டாதான் சரியா வரும்னுட்டாரு. அதனால வீடு கீழ இறங்கிடுச்சு. வீட்டை எங்க வைக்கணும்னு முடிவு பண்ணது நானும் இல்ல, ஆர்க்கிடெக்ட்டும் இல்ல, அந்த ஆகர்தான்.

இதுல பெட்ரூம் கணக்கு ஒண்ணு இருக்கு, நம்மாளுங்க மாட்டிக்கிற இடம் இது. செப்டிக் சைஸை எத்தனை பாத்ரூம்னு பாத்து போடமாட்டாங்க, எத்தனை பெட்ரூம்னு பாத்துதான் போடுவாங்க, ஒரு பெட்ரூமுக்கு ஒரு நாளைக்கு 150 கேலன்னு. எனக்கு மூணு பெட்ரூமுக்குத்தான் மண்ணு இடம் குடுத்துச்சு. ஆனா பிளான்ல மூணு பெட்ரூம், அம்மா அப்பா வந்து ஆறு மாசம் தங்க கீழ ஒரு ரூம், பூஜை ரூம் தனி. அம்மா அப்பா ரூமை ஸ்டடின்னு பேர் மாத்தி போட்டேன், கதவு இருக்கு ஜன்னல் இருக்கு கிளாசட் இருக்கு, இது பெட்ரூம்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பூஜை ரூமை மட்டும் ஜன்னல் இல்லாத சின்ன ரூம்ங்கறதால விட்டாங்க. கடைசியில ஒரு பெட்ரூமை எடுத்துட்டேன். கழிவுத் தண்ணியை முதல்லயே சுத்திகரிச்சு மண்ணுல விடுற ஆல்டர்னேட்டிவ் சிஸ்டம் போட்டிருந்தா நாலு வந்திருக்கும், ஆனா அதுக்கு செலவு ரொம்ப அதிகம், வருஷா வருஷம் லைசென்ஸ் ஆளு வந்து வேற செக் பண்ணணும்.

எவால்யுவேட்டர் ரிப்போர்ட்டை ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்குப் போடுவாரு, கிணத்துக்கும் அதோடவே அப்ளை பண்ணிடுங்க. டிரெய்ன்ஃபீல்டுக்கும் கிணத்துக்கும் நடுவுல கிணத்து வகையைப் பொறுத்து 50 அடியோ 100 அடியோ விடணும். செப்டிக் பெர்மிட் 18 மாசம்தான் செல்லும், சும்மா வாங்கி ஃபைல்ல வெச்சுடாதீங்க. நிலம் இன்னும் வாங்கலைன்னா விக்கிறவர்கிட்ட செப்டிக்குக்கு சர்டிஃபிகேஷன் லெட்டர், அதான் இந்த மண்ணு செப்டிக்குக்கு சரிவரும்னு ஹெல்த் டிபார்ட்மென்ட் குடுக்குற லெட்டர், இருக்கான்னு கேளுங்க, அதுக்கு காலாவதி கிடையாது. இல்லைன்னா பெர்க் ஆனாதான் வாங்குவேன்னு கான்ட்ராக்ட்ல எழுதிடுங்க. இதை எனக்கு யாரும் சொல்லல.

படி 3: ரோடும் மண்ணு வெட்டுறதும்

வர்ஜீனியாவுல கிராமத்து ரோடு பெரும்பாலும் கவுண்டியோடது இல்ல, மாநிலத்தோடது. அதனால டிரைவ்வே எங்க சேருதுங்கறதுக்கு வீடாட்டுகிட்ட (VDOT, மாநில ரோடு டிபார்ட்மென்ட்) தனி பெர்மிட். ரெண்டு பக்கமும் வண்டி வர்றது போதுமான தூரம் தெரியுதான்னு பாப்பாங்க, வளைவுல கேட் வெச்சா ஒத்துக்க மாட்டாங்க.

10,000 சதுர அடிக்கு மேல மண்ணைக் கிளறினா லேண்ட் டிஸ்டர்பன்ஸ் பெர்மிட்டும் வேணும், செசாபீக் விரிகுடா பாதுகாப்புப் பகுதியில வந்தா 2,500லயே வேணும். வீடு, டிரைவ்வே, டிரெய்ன்ஃபீல்டு எல்லாம் சேத்தா 10,000 ஈசியா தாண்டிடும். ஒத்த வீட்டுக்கு பெரும்பாலும் முழு இன்ஜினியரிங் பிளான் கேக்க மாட்டாங்க, ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிப்பாங்க.

படி 4: இப்போதான் பில்டிங் பெர்மிட்

பில்டிங் கோடு, அதான் கட்டட விதி, மாநிலம் முழுக்க ஒண்ணுதான், கிராமம்னு சலுகை எதுவும் இல்ல. எடுத்துட்டுப் போக வேண்டியது: அப்ளிகேஷன், செப்டிக் பெர்மிட், கிணத்து பெர்மிட், எல்லாத்தையும் தூரத்தோட குறிச்ச சைட் பிளான், வீட்டு டிராயிங். ஆன்லைன்ல வாங்கின பிளான் நேரா பாஸ் ஆகும்னு நெனைக்காதீங்க, இந்த ஊரு காத்து வேகம், அஸ்திவார ஆழம், இன்சுலேஷன் எல்லாம் இங்கத்த கோடுக்கு மாத்தணும். மெக்கானிக்ஸ் லீன் ஏஜென்ட்னு ஒரு கட்டம் இருக்கும், வேலை செஞ்சவங்க காசு வரலைன்னு வீட்டு மேல உரிமை கோர வாய்ப்பு இருக்கிறதால அவங்க அனுப்புற நோட்டீஸை வாங்கிக்கிற ஆளு அது, டைட்டில் கம்பெனியைப் போடலாம், பேங்க் லோன்னா அவங்களே சொல்வாங்க.

கான்ட்ராக்டர் இல்லாம நீங்களே கட்டுறதா இருந்தா ஓனர் அஃபிடவிட் போடலாம், சட்டம் விடுது. என்னைக் கேட்டா வேணாம். கான்ட்ராக்டர் பேரை லைசென்ஸ் குடுக்குற மாநில டிபார்ட்மென்ட்டான டிபிஓஆர் (DPOR) வெப்சைட்ல போட்டு லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு பாத்துட்டு அவங்களை விட்டே அப்ளை பண்ண வைங்க.

ஃபீஸ் ரசீதுல 2 பர்சன்ட் தனியா இருக்கும், அது மாநில லெவி. பெர்மிட் வந்து ஆறு மாசத்துக்குள்ள வேலை ஆரம்பிக்கணும், நடுவுல ஆறு மாசம் நிறுத்துனாலும் பெர்மிட் போயிடும்.

ஒரு சின்ன விஷயம். 256 சதுர அடிக்குள்ள தனியா ஒரு ஸ்டோர் ஷெட் போடுறதுக்கு பில்டிங் பெர்மிட் வேண்டாம், ஆனா ஸோனிங் செட்பேக் அதுக்கும் உண்டு.

படி 5: இன்ஸ்பெக்‌ஷன்

மண்ணு வெட்டுறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, மூணு வேலை நாள் முன்னாடியே. கேபிள் லைன் எல்லாம் வந்து கோடு போட்டுட்டுப் போவாங்க, இது ஃப்ரீ.

ஃபூட்டிங், அதான் அஸ்திவாரத்தோட அடிப் பள்ளம், தோண்டினதும் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ஒரு இன்ஸ்பெக்‌ஷன். நான் பண்ண கூத்து என்னன்னா காலையில இன்ஸ்பெக்டர், மதியம் கான்கிரீட் லாரின்னு ஒரே நாள்ல புக் பண்ணேன். ராத்திரி மழை. சிவப்பு களிமண்ணு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும்ல, பள்ளம் முழுக்க டீ கலர்ல தண்ணி, ஓரம் சரிஞ்சு அடியில சேறு. இன்ஸ்பெக்டர் ஒரு கம்பியை உள்ள குத்தினாரு, பொதக்னு இறங்குச்சு, "நாட் டுடே"ன்னுட்டு வண்டியை எடுத்துட்டாரு. லாரியை கேன்சல் பண்ணதுக்கு காசு தண்டம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாளாவது விடுங்க, தோண்டின பள்ளத்தை தார்ப்பாய் போட்டு மூடுங்க.

அதுக்கப்புறம் அஸ்திவாரம் மூடுறதுக்கு முன்னாடி, ஃபிரேமிங், பிளம்பிங் எலக்ட்ரிக் லைன் எல்லாம் சுவரு மூடுறதுக்கு முன்னாடி, இன்சுலேஷன், கடைசியா ஃபைனல். ஒவ்வொண்ணும் பாஸ் ஆகாம மேல மூடிட்டா பிரிச்சுக் காட்ட சொல்வாங்க.

ஃபைனல் பாஸ் ஆனாலும் குடிபோக சர்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சி வேணும், அதுக்கு செப்டிக்குக்கு ஆபரேஷன் பெர்மிட்டும் கிணத்துத் தண்ணிக்கு பாக்டீரியா டெஸ்ட்டும் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருந்து வரணும். என் அம்மா தை மாசத்துல கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சு அத்தனை பேருக்கும் போன்லயே சொல்லிட்டாங்க, இங்க தண்ணி சாம்பிள் முதல் தடவை ஃபெயில். புதுக் கிணறுல இது சகஜமாம், குளோரின் ஊத்தி, அது வாசனை போற வரைக்கும் தண்ணியை ஓடவிட்டு, திரும்ப பாட்டில்ல பிடிச்சுக் குடுத்தோம். ரிசல்ட் வர்றதுக்குள்ள தை போய் மாசி வந்துடுச்சு, பங்குனி வேணாம்னு சாஸ்திரம், சித்திரையிலதான் பால் காய்ச்சினோம். நாள் குறிக்கறதுக்கு முன்னாடி அந்த லேப் ரிப்போர்ட்டை வாங்கிடுங்க.