பழைய இசைக் கீபோர்டுக்கு உரிய அடாப்டரைக் கண்டறிவது எப்படி?

புரட்டாசி பஜனைக்காக, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பல வீடுகளில் பழைய கீபோர்டைத் தூசி தட்டி எடுக்கும்போது, கருவி இருக்கும், அடாப்டர் இருக்காது. வீட்டில் கிடக்கும் வேறொரு அடாப்டரின் முனை துளையில் சரியாக நுழைகிறது என்பதற்காக அதைச் செருகிவிடாதீர்கள். முனை நுழைவது எதற்கும் சான்றாகாது.

முதலில் கீபோர்டின் பின்புறத்தில், மின்துளைக்கு அருகிலோ அடிப்பக்க ஒட்டுச்சீட்டிலோ அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எத்தனை வோல்ட், நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா, முனையின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்ற மூன்றும் அடாப்டரிலும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். மூன்றாவதை ஒரு சிறிய படம் காட்டும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி முழுமையடையாத ஒரு வளையம், இரண்டிலிருந்தும் கூட்டல், கழித்தல் குறிகளுக்குச் செல்லும் கோடுகள். புள்ளி எந்தக் குறியோடு இணைகிறதோ அதுவே நடுமுனையின் குறி.

பலர் தவறுவது இங்கேதான். கேசியோவின் பழைய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை எதிர்; யமஹாவின் பிஏ-3 அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை நேர். முனைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றை மற்றதற்கு மாற்றிப் போட்டால் உள்ளிருக்கும் மின்சுற்று கருகக்கூடும். நிறுவனப் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. கேசியோவே பிந்தைய கருவிகள் பலவற்றுக்கு நடுமுனை நேராக உள்ள 9.5 வோல்ட் அடாப்டருக்கு மாறிவிட்டது. மின்கலங்களை எண்ணி வோல்ட்டைக் கணிப்பதும் ஏமாற்றும். ஆறு மின்கலங்கள், அதாவது 9 வோல்ட், கொள்ளும் யமஹா கீபோர்டுகள் பல 12 வோல்ட் அடாப்டரையே கேட்கின்றன.

அடாப்டர் தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவான மில்லி ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 850 கேட்கும் கருவிக்கு 1500 தரும் அடாப்டர் தீங்கு செய்யாது, ஏனெனில் கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

சுவர்ப்பக்கத்தையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த அடாப்டரில் 120 அல்லது 100 வோல்ட் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், நம் பருத்த மூன்று உருளைக் கம்பிப் பிளக்குக்கு மாற்றும் இணைப்பான் அதைக் காப்பாற்றாது. அது பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது.

வாங்கியபின், கருவியில் செருகும் முன் வோல்ட்டை அளக்கும் கருவியான மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கனமான பழைய வகை அடாப்டர் சுமையின்றி அளக்கும்போது அச்சிட்டதைவிடச் சில வோல்ட் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. நடுமுனையின் குறி மாறிக் காட்டினால் செருகவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் ஒலியைக் குறைத்து வைத்து இயக்குங்கள். இடைவிடாத ஹம் ஓசை கேட்டாலோ, அரைமணி நேரத்தில் அடாப்டர் கையால் தொட முடியாதபடி சூடேறினாலோ, அதைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்குங்கள். லோட் ஷெடிங் எனும் திட்டமிட்ட மின்வெட்டு நேரத்தில் பிளக்கைக் கழற்றிவைத்து, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்தே செருகுங்கள்.