உப்பில்லாத பாணும் இருபது துண்டுக் கடதாசியும்: பார்பியானாவுக்குப் போகும் முறை

ஆளுக்கு இருபது துண்டுக் கடதாசி, கொப்பித் தாளில் நாலில் ஒன்று அளவு. வழுக்காத சப்பாத்து. இரண்டு போத்தல் தண்ணீர். ஒரு பென்சில். இத்தாலிய மலைச் சரிவொன்றில் ஒரு பாதிரியார் பள்ளிக்கூடம் நடத்திய பார்பியானாவுக்கு எப்படிப் போவது என்று கேட்கிற வகுப்புத் தோழிகளுக்கு நான் கொடுக்கிற சாமான் பட்டியல் இவ்வளவுதான். கமரா அதில் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் புளோரன்ஸில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் படிக்கிறேன். இத்தாலியில் இது ஐந்து வருடப் படிப்பு, அதற்குள் 600 மணி நேரம் பள்ளிக்கூடங்களில் பயிற்சி. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்தவர்கள். நான் பிறந்தது அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் சிசிலியப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் இத்தாலியன். என் தம்பி கணக்கில் புலி. ஆனால் நடுநிலைப் பள்ளியின் முதல் வருடத்திலேயே, கட்டுரை எழுத வரவில்லை என்று அவனை வகுப்பேற்றாமல் விட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டாம். அந்தக் கோபம் எனக்குள் ஆறாமல் கிடந்த நேரத்தில்தான் லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரின் பெயரை விரிவுரையில் கேட்டேன்.

பார்பியானா என்று ஒரு ஊரைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். புளோரன்ஸுக்கு வடகிழக்கே முஜெல்லோ என்ற பள்ளத்தாக்கு. அங்கே மொந்தே ஜோவி மலைச் சரிவில் ஒரு சிறிய தேவாலயம், ஒட்டினாற்போல் பாதிரியார் வீடு, கீழே ஒரு சின்னச் சவக்காலை, தூரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். அவ்வளவுதான். 1954 டிசம்பரில் மிலானியை இங்கே அனுப்பியபோது தெருவும் இல்லை, மின்சாரமும் இல்லை. கரைச்சல் கொடுக்கிற பாதிரியாரைக் கண்காணாத இடத்தில் விட்டுவிடுவோம் என்பதுதான் மேலிடத்தின் எண்ணம். வந்து சேர்ந்த மறுநாளே அவர் அந்தச் சவக்காலையில் தனக்கு ஒரு குழி நிலம் வாங்கிவிட்டார். பிறகு, தொடக்கப்பள்ளியோடு படிப்பை விட்ட மலைவாசிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். வருடம் 365 நாளும் பள்ளி, கிட்டத்தட்ட விடிந்ததிலிருந்து இருட்டும் வரை.

சரி, போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, சொல்லிவிட்டுப் போவது. நான் முதல் தடவை ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் எழுதாமல், தனியாகப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பனிப்புகாரில் தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன், நிலையத்து வாங்கில் இரண்டு மணி நேரம் குளிரில் இருந்து. ஆகவே மிலானியின் பெயரில் உள்ள அறக்கட்டளைக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுதி நாளைக் கேளுங்கள். எத்தனை பேர், என்ன படிக்கிறீர்கள், எதைப் பார்க்க விருப்பம் என்று மூன்று வரி போதும். அவருடைய பழைய மாணவர்களே பலமுறை வந்து இடத்தைக் காட்டுவதுண்டு. எல்லோரும் இப்போது வயதானவர்கள், அதனால் இந்தப் பயணத்தை அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள். மே மாதத்தில் பார்பியானாவுக்கு ஒரு பெரிய நடைபயணம் நடக்கும். கூட்டம் பிடிக்குமென்றால் அப்போது போகலாம். எனக்கு ஏப்ரலும் ஒக்டோபரும்தான் பிடிக்கும்.

இரண்டாவது வேலை, ‘ஒரு ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற புத்தகத்தைப் படிப்பது. பார்பியானாவின் எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதியது, 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதம், ஜூன் 26இல், மிலானி 44 வயதில் இறந்துவிட்டார். இங்கிருந்து போன பையன்களை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பெயில் விட்ட ஒரு ஆசிரியைக்குத்தான் அந்தக் கடிதம். ஆசிரியராக வர விரும்பிய மலைப் பிள்ளைகள்! அதனால் நாங்கள் அதைப் படிக்கும்போது கடிதம் யாருக்கு வருகிறது என்பதை மறக்கக் கூடாது. நான் முதல் முறை படித்தபோது தம்பியின் பக்கம் நின்று, பழிவாங்குகிற சந்தோஷத்தோடு படித்தேன். பயிற்சிக்குப் போன பிறகு இரண்டாம் முறை படித்தேன். பாதிப் பக்கங்களில் அந்த ஆசிரியை நான்தான். பெலவீனமான பிள்ளைகளைத் துரத்திவிடுகிற பள்ளி, சுகதேகிகளுக்கு வைத்தியம் பார்த்து நோயாளிகளைத் திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரி என்று ஒரு இடம் வரும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் புறப்படுங்கள். புளோரன்ஸிலிருந்து விக்கியோ நிலையம் ரயிலில் ஒரு மணி நேரம் அளவில், ரிக்கெட் பத்து யூரோவுக்குள். கடதாசி ரிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன்பு நிலையத்திலுள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அபராதம், மாணவி என்று இரக்கம் காட்டமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையே புறப்படுகிற எண்ணம் இருந்தால் வேலைநிறுத்தம் உண்டா என்று பாருங்கள். இந்த நாட்டில் வேலைநிறுத்தத்துக்கு வெள்ளிக்கிழமை மேல் ஒரு தனி அன்பு.

விக்கியோவில் இறங்கியதும் சாப்பாட்டை வாங்கிவிடுங்கள். மேலே கடையே இல்லை. கீழேயும் மத்தியானம் கதவை இழுத்து மூடிவிடுவார்கள். புளோரன்ஸும் விக்கியோவும் இருக்கிற தொஸ்கானா மாநிலத்தின் பாணில் உப்பே போடமாட்டார்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் கடியில் ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல் இருக்கும். இங்கே உப்பான பாலாடைக்கட்டியும் பன்றியிறைச்சியும் வைத்துத் தின்பதற்கென்றே உள்ள பாண் அது. நாங்கள் நாலு பேராகப் போன தடவை, என்னிடம் அம்மா பலெர்மோவிலிருந்து தந்துவிட்ட, உப்பும் உறைப்புமான கட்டைச் சம்பல் போத்தல் இருந்தது. உப்பில்லாத பாணுக்கும் கட்டைச் சம்பலுக்கும் இப்படிப் பொருந்தும் என்று யார் கண்டது! கூட வந்த மூன்று பேரும் மலை உச்சிக்குப் போகுமுன்பே போத்தலைக் காலி பண்ணிவிட்டார்கள்.

ஏற்றம் எங்களுக்கு விக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம் எடுத்தது, நின்று நின்று போனதால். கார் போகிற பாதை இப்போது உண்டு, ஆனால் நடவுங்கள். மழை பெய்திருந்தால் களிமண் காலைப் பிடித்து இழுக்கும். மிலானியைப் புதைத்தபோது குருவுடையோடு மலைச் சப்பாத்தும் போட்டுத்தான் புதைத்தார்கள். அதற்குக் காரணம் அந்தப் பாதையில் ஏறினால் விளங்கும். எனக்குச் சின்ன வயதிலேயே இந்தப் பழக்கம் உண்டு. பலெர்மோத் தமிழர்கள், சைவமோ கிறிஸ்தவமோ, பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப்போய் நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவார்கள். அம்மா வெறுங்காலோடு ஏறியதும் உண்டு. ஆனால் இங்கே கும்பிடுகிற மனத்தோடு போனால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

மேலே போகிற காட்டுப் பாதைக்கு ‘அரசியலமைப்புப் பாதை’ என்று பெயர். இத்தாலிய அரசியலமைப்பின் உறுப்புரைகளைப் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்து விளக்கிய பலகைகள் வழியெல்லாம் நிற்கும். வேகமாகப் படித்துக்கொண்டு கடந்துபோனால் அது வெறும் பலகை. நாங்கள் செய்தது இது: ஒவ்வொருவரும் ஓர் உறுப்புரையை எடுத்துக்கொண்டு, அடுத்த பலகை வரும்வரை நடந்துகொண்டே, பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘உரிமை’, ‘கடமை’ என்ற சொற்களைப் பாவிக்கக் கூடாது. 34ஆம் உறுப்புரை எனக்கு விழுந்தது. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும், குறைந்தது எட்டு வருடக் கல்வி கட்டாயம், அதுவும் இலவசம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1948இல். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் வந்ததோ 1962 டிசம்பரில். நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் பார்பியானாவின் மாணவர்கள். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

மேலே போனதும் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். படம் எடுத்தால் கண் வேலை செய்யாது. பென்சிலால் கீறுங்கள், வடிவாக வராவிட்டாலும் பரவாயில்லை. மேசைகள் எப்படிப் போட்டிருக்கின்றன, ஆசிரியருக்குத் தனி மேடை உண்டா, வரைபடங்கள் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று ஒரு தச்சரைப்போல் பாருங்கள். ஒரே அறை, நீள மேசைகள், சுவரெல்லாம் பிள்ளைகளே செய்த வரைபடங்கள். வானியல் படிக்க, நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கிற அஸ்திரோலாப் என்ற கருவியையும் அவர்களே செய்தார்கள். படிப்பை விட்டுப்போகிற பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று அரசாங்கப் புள்ளிவிவரத்தைத் தோண்டியெடுத்துக் கீறிய வரைபுகளையும் தேடிப் பாருங்கள். மிலானியின் புகைப்படத்துக்கு முன்னால் நிற்கிற நேரத்தை அவற்றுக்குக் கொடுக்கலாம். ‘ஐ கேர்’ என்ற ஆங்கில வாசகமும் அங்கே இருக்கும். எனக்கு அக்கறை உண்டு, அது என் பாடு என்ற கருத்து. பாசிஸ்டுகளின் ‘எனக்கென்ன’ என்ற சுலோகத்துக்கு நேர் எதிரானது என்று மிலானியே எழுதியிருக்கிறார். எல்லோரும் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். விடுங்கள்.

கீழே வேலைப்பட்டறை இருக்கிறது, வெளியே ஒரு சின்ன நீச்சல் தொட்டி. அந்தத் தொட்டியை மாணவர்களே வெட்டினார்கள். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயம் போகவேண்டும் என்று மிலானி நினைத்தார். ஒரு பயத்துக்கு ஒரு தொட்டி! பாடத்திட்டத்தை இப்படியும் போடலாம் என்று எனக்கு எந்த விரிவுரையிலும் சொன்னதில்லை.

பழைய மாணவர் யாராவது உங்களோடு இருந்தால், “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். ஆயிரம் தடவை சொன்ன பதில்தான் வரும். காலையில் முதல் வேலை என்ன, பத்திரிகையை யார் சத்தமாக வாசிப்பது, விளங்காத சொல் வந்தால் என்ன செய்வீர்கள், சின்னவர்களுக்குப் படிப்பித்த பெரிய பையனுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். என் அம்மா தொலைபேசியில் சொல்லித் தந்த கேள்வி: “மத்தியானம் என்ன சாப்பாடு, யார் போட்டது?” எல்லாக் கேள்வியிலும் நீண்ட பதில் வந்தது அதற்குத்தான். மிலானியின் கண்டிப்பைப் பற்றியும் கேளுங்கள். அடி விழுந்ததை அவரே மறைக்கவில்லை. விடுமுறையே இல்லாத பள்ளியை நாங்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது, வரவும் கூடாது.

இரவுக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைவீட்டு விடுதி பிடித்திருந்தோம். நாலு பேருக்கு ஒரு அறை என்றால் கட்டுப்படியாகும். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்த தொர்தெல்லி என்ற பாஸ்தாதான் முஜெல்லோவின் சாப்பாடு. இறைச்சி தின்னாதவர்கள் குழம்பு மட்டுமல்ல, உள்ளே வைக்கிற கிழங்கிலும் இறைச்சி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் மேசையைத் துடையுங்கள். துண்டுக் கடதாசிகளின் நேரம் இது. அந்தக் கடிதத்தை எட்டுப் பேர் எப்படி எழுதினார்கள் என்ற முறை அதற்குள்ளேயே இருக்கிறது. நாள் முழுக்கத் தோன்றியதை ஒரு துண்டுக்கு ஓர் எண்ணம் என்று, ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒன்றையே இரண்டு பேர் எழுதியிருந்தால் ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். உறவுள்ளவற்றைக் குவியலாக்குங்கள், ஒவ்வொரு குவியலுக்கும் தலைப்பு வையுங்கள். தலைப்பு வரவில்லையா? அந்தக் குவியலில் ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுக்கு மேலே இருக்கிறது. பிறகு வரிசைப்படுத்தி எழுதி, வெட்டத் தொடங்குங்கள். வேண்டாத அடைமொழி, கடினமான சொல், நீண்ட வசனம், பொய். கடைசியில் மெத்தப் படிக்காத ஓர் ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அகப்பட்டது அம்மா. நான் எங்கள் பந்திகளைத் தமிழில் மாற்றித் தொலைபேசியில் வாசித்தேன். “பிள்ளை, இப்ப நீ என்ன சொல்லுறாய்?” என்று அவர் கேட்ட இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. ‘உள்ளடக்கும் கற்றல் சூழல்’ என்ற சொல்லுக்கு அம்மா பொறுக்கமுடியாமல் சிரித்துவிட்டார். அதுவும் போனது. இரவு ஒரு மணிக்கு எங்களிடம் பதினொரு வரி மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமையை நிறைக்க வேண்டாம். விக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள வெஸ்பிஞ்ஞானோவில் ஓவியர் ஜொத்தோ பிறந்ததாகச் சொல்லப்படும் வீடு இருக்கிறது. அங்கே ஒரு பழைய பாலமும் உண்டு. ஆடு மேய்க்கிற பையன் கல்லில் ஆட்டைக் கீறுவதைச் சிமாபூவே என்ற பெரிய ஓவியர் கண்டு, தன் மாணவனாக்கிக்கொண்டது அந்தப் பாலத்தடியில்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. பார்பியானாவைப் பார்த்த மறுநாள் அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தந்தது. கீறத் தெரியாத ஆட்டுக்காரப் பையன்களைப் பற்றி யாருக்கும் கதை இல்லையே! பாலம் வடிவான பாலம், அதை ஒத்துக்கொள்கிறேன். மாலை ரயில் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பதினொரு வரியைப் பயிற்சி அறிக்கையாகக் கொடுத்தேன். வழிகாட்டி ஆசிரியை தாளைத் திருப்பிப் பார்த்தார். குறைந்தது நாலு பக்கம் வேண்டும், மிச்சம் எங்கே என்று கேட்டார். மேசையிலிருந்து பொறுக்கி வந்த துண்டுக் கடதாசிகள், அம்மாவின் கோடுகள் விழுந்த தாள்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, பின்னிணைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.