மெசியானின் பியானோவில் பறவை கேட்கவில்லையா?
பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் பறவைப் பாட்டுகளை வைத்துப் பியானோவுக்கு எழுதிய 'பறவைகளின் பட்டியல்' (1956–58) கேட்கும்போது சும்மா கட்டைகளைத் தட்டுவது போலத் தோன்றினால், அதில் வரும் பறவையின் நிஜப் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள், அப்புறம் பியானோவுக்கு வாருங்கள். பறவையின் வேகமும் உச்சஸ்தாயியும் பியானோவுக்கு எட்டாது, அதன் நுண்ணிய சுர இடைவெளிகளுக்கோ கட்டையே கிடையாது; அதனால் அவர் பாட்டை மெதுவாக்கி, கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, இடைவெளிகளையும் அகட்டித்தான் எழுதினார். அதனால் பதிவிலும் வேகத்தோடு சுருதியும் இறங்க வேண்டும். யூடியூபில் வேகத்தை மட்டும் குறைத்தால் சுருதி அப்படியே நிற்கும், பாதிப் பயன்தான்.

இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் டக்கேனின் 'குக்கூ' (1735) போன்றவற்றுக்கு இந்த வேலையே வேண்டாம், அந்த இரண்டு சுரக் கூவல் அசல் வேகத்திலேயே விரலுக்குள் அடங்கிவிடும். ராவலின் 'சோகப் பறவைகள்' என்ற பியானோ இசையிலும் இதை முயலாதீர்கள், அதில் முக்கியம் காட்டின் புழுக்கம்தான்.