சிகரெட்ட விட வேப் கிட் தேடுறீங்களா? அதுக்குப் பதிலா முதல் நிக்கோட்டின் கம், பேட்ச் எப்படிப் பாத்து வாங்குறதுன்னு சொல்றேன்

தேனி மாவட்டம் கம்பம், கூடலூர், கேரளா எல்லைல குமுளி பக்கம் மருந்துக்கடை கவுண்ட்டர்ல நிக்கிற எனக்கு இப்ப அடிக்கடி வர்ற கேள்வி, "அண்ணே சிகரெட்ட விடப்போறேன், முதல்ல எந்த வேப் கிட் வாங்கலாம், மேல குமுளில கிடைக்குமா". கேக்குறவன் நெஜமாவே விடணும்னுதான் கேக்குறான். அப்படி ஒருத்தன் வாசல் வரைக்கும் வந்துட்டா அவன வெறுங்கையோட அனுப்பக்கூடாதுங்கிறது என் எண்ணம், அதான் தெரிஞ்சத முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

வேப் விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன். இந்தியாவுல வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்குத் தடை. 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டமா வந்து, அந்த டிசம்பர்லயே முழுச் சட்டமாயிருச்சு. தயாரிக்கிறது, வெளிநாட்டுல இருந்து கொண்டாறது, ஏத்திட்டுப் போறது, விக்கிறது, விளம்பரம் பண்றது எல்லாமே குத்தம், முதல் தடவைக்கே 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஸ்டாக் வச்சிருந்தா 6 மாசம் இல்லன்னா 50,000. இது மத்திய சட்டம், அதனால செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணுன்னு கிடையாது, குமுளில வாங்குனாலும் கம்பத்துல வாங்குனாலும் ஒண்ணுதான். துபாய்ல இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டாந்து தர்றேன்னு சொன்னாலும் வேணாம்னு சொல்லிருங்க, மாட்டுனா அவருக்குத்தான் வம்பு. இங்கிலாந்துல எல்லாம் இது சட்டப்படி விக்கிற சாமான், ஒரு மில்லிக்கு 20 மி.கிக்கு மேல நிக்கோட்டின் இருக்கக்கூடாது, திரவம் ஊத்துற டேங்க் 2 மில்லிதான்னு கணக்கு இருக்கு, அதனால அங்க இருக்கிறவங்க பேட்டரி என்ன காயில் என்னன்னு பாத்து எடுக்கலாம். இங்க மறைச்சு விக்கிற பீஸுக்குள்ள எவ்வளவு நிக்கோட்டின் இருக்கு, வேற என்ன கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

ஆனா அங்க வேப் கிட் வாங்குறவங்க பாக்குற முக்கியமான கேள்வி நமக்கும் அப்படியே பொருந்தும்: உங்க உடம்பு எவ்வளவு நிக்கோட்டின் கேக்குது, எவ்வளவு வேகமா கேக்குது? சிகரெட் இழுத்தா 10, 20 செகண்டுல மூளைக்குப் போயிரும். கம் மெல்ல ஆரம்பிச்சா அது நல்லா ஏறவே 20, 30 நிமிஷம் ஆகும். தோல்ல ஒட்டுற பேட்ச் இன்னும் மெதுவு, ஒட்டி சில மணி நேரம் கழிச்சுதான் முழுசா வேலை காட்டும். இந்த வித்தியாசத்த புரிஞ்சுக்காமத்தான் முக்காவாசி பேரு ரெண்டு நாள்ல "இது நமக்கு கேக்கலண்ணே"ன்னு திரும்பி வர்றாங்க.

பவர் எப்படி முடிவு பண்றது? ஒரு நாளைக்கு எத்தன அடிக்கிறீங்கன்னுதான் எல்லாரும் எண்ணுவாங்க, கம்முக்கு அத விட முக்கியமானது காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்ட பத்த வைக்கிறீங்கங்கிறது. அரை மணி நேரத்துக்குள்ளன்னா உங்களுக்கு 4 மி.கி. பல்லு விளக்கி, குளிச்சு, ஜீப் ஏறி எஸ்டேட் போயி அப்புறம்தான் முதல் தம்முன்னா 2 மி.கி போதும். நம்மூர்ல 2 மி.கி கம்மு சீட்டு இல்லாமலே குடுப்போம், 4 மி.கிக்கு டாக்டர் சீட்டு வேணும். அந்தச் சீட்டுக்கு சோம்பல்பட்டுக்கிட்டு 4 தேவைப்படுற ஆளு 2 மி.கிய வாங்கிட்டுப் போறது ரொம்ப நடக்குது, அது பத்தாம சாயங்காலம் பெட்டிக்கடைல நிக்கிறாரு. பீடி அடிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான், பீடி சின்னதா இருக்குன்னு கம்மியா நினைக்காதீங்க, நிக்கோட்டின்லயும் தார்லயும் பீடி சிகரெட்டுக்குக் கொறஞ்சது இல்ல.

அப்புறம் ஒண்ணு, நிக்கோட்டின் மருந்துக்கும் பயப்படுறவங்க இருக்காங்க, இதுவும் அதே விஷம்தானேன்னு. நிக்கோட்டின் அடிமையாக்கும், அது உண்மை. ஆனா கேன்சர கொண்டு வர்றது புகைல இருக்கிற தார், அதுல வர்ற மத்த கெமிக்கல், இதயத்துக்கு ரத்தம் எடுத்துட்டுப் போற ஆக்ஸிஜன கெடுக்கிறது கார்பன் மோனாக்சைடு. கம்முல இந்த ரெண்டும் இல்ல. 2022ல நம்ம அரசாங்கத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சிகரெட்டுக்குப் பதிலா நிக்கோட்டின மருந்தா குடுக்கிற நிக்கோட்டின் மாற்று சிகிச்சைய சேத்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனம் 2009லயே சேத்தாச்சு. அதனால வீட்டுல யாராச்சும் கேட்டா இது மருந்துன்னு தைரியமா சொல்லுங்க.

இப்ப மெல்லுறது. இதத்தான் நான் ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்லிக்குடுக்கிறேன், ஏன்னா ஸ்ட்ரிப்ப கையில வாங்குன உடனே பபுள்கம் மாதிரி சவுக்கு சவுக்குன்னு மெல்லுறாங்க, உடனே தொண்டை எரியுது, விக்கல் வருது, வயித்தப் பொரட்டுது, துப்பிட்டு கம்மு மோசம்னு பேரு குடுத்துடுறாங்க. நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாத்தான் உள்ள போகணும், எச்சிலோட முழுங்குனா வயித்துக்குப் போயி எரிச்சல் மட்டும்தான் மிச்சம். அதனால மெதுவா மெல்லுங்க, நாக்குல காரமா, சுருக்குன்னு வரும், வந்த உடனே நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிருங்க. அந்த சுருக்கு கொறைய ஒரு நிமிஷம் ஆகும், கொறஞ்சதும் திரும்ப மெதுவா ரெண்டு மூணு மெல்லு, திரும்ப ஒதுக்கு, இந்தத் தடவ வேற பக்கம். இப்படியே அரை மணி நேரம். அதுக்கப்புறம் எவ்வளவு மென்னாலும் சுருக்குன்னு வராது, அப்ப காகிதத்துல மடிச்சு போட்டுரலாம்.

டீ, காபி விஷயம் நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். மலைல குளுருக்கு கட்டஞ்சாயா கையில இல்லாம ஆளப் பாக்கவே முடியாது, அந்த டீயோடதான் தம்மும். கம்ம வாயில வச்சுக்கிட்டு டீ, காபி, ஜூஸ், சோடா எது குடிச்சாலும் வாய்க்குள்ள புளிப்புத்தன்மை கூடி நிக்கோட்டின் உள்ள போகாது, அந்த கம்மு வீண். குடிச்சு 15 நிமிஷம் கழிச்சு வைங்க, வாயில இருக்கும்போது பச்சத்தண்ணி மட்டும். இன்னொன்னும் இருக்கு, புகை உடம்புல இருக்கிற வரைக்கும் காபில இருக்கிற கஃபீன ஈரல் வேகமா வெளியேத்தும். புகைய நிறுத்துனதும் அது மெதுவாயிரும், அதே அளவு காபி குடிச்சா படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் வரும், ஆளு அத சிகரெட் விட்ட கோளாறுன்னு நினைச்சுக்குவாரு. முதல் வாரத்துல டீ காபிய பாதியா கொறைங்க.

எத்தன கம்மு? முதல் 6 வாரம் 1 இல்ல 2 மணி நேரத்துக்கு ஒண்ணு, 7ல இருந்து 9 வாரம் வரைக்கும் 2, 4 மணி நேரத்துக்கு ஒண்ணு, 10, 11, 12வது வாரம் 4ல இருந்து 8 மணி நேரத்துக்கு ஒண்ணு. முதல் 6 வாரத்துல ஒரு நாளைக்கு 9க்கு கொறையாம போடணும், 24க்கு மேல போகக்கூடாது. ஆசை வந்தாத்தான் போடுவேன்னு ரெண்டோ மூணோ போட்டு ஒப்பேத்துறவங்கதான் நெறைய தோக்குறாங்க, 2 மி.கி கம்முல உடம்புக்கு உள்ள போறது கிட்டத்தட்ட பாதிதான்னு தெரிஞ்சா இது ஏன்னு புரியும். டைம் வச்சுப் போடுங்க, ஆசை வர்றதுக்கு முன்னாடியே. மலை ஏறுற ஜீப்ல ஏறுறதுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கால் மணி நேரம் விட்டு, சரக்கு எடை போட்டு வியாபாரிகிட்ட பேரம் பேசப்போற நேரத்துல, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச நேரம்தானே. விலையப் பாக்குறவங்க ஒரு நாளைக்கு சிகரெட்டுக்குப் போற காச ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துலயே கம்மு காசயும் எழுதிப் பாருங்க, கம்மு 12 வாரத்துல முடியுற செலவு.

ஃப்ளேவர்ல புதினா, பட்டை, பான்னு நெறைய வருது, முதல்ல ரெண்டு ஃப்ளேவர்ல ஒவ்வொரு ஸ்ட்ரிப் மட்டும் எடுங்க, பிடிக்காத ருசிய 12 வாரம் யாராலயும் மெல்ல முடியாது. பல் செட் போட்டிருக்கிறவங்க, தாடை வலிக்காரங்க கம்ம விட்டுட்டு லாசெஞ்ச் கேளுங்க, மிட்டாய் மாதிரி கரையவிடணும், கடிக்கவே கூடாது.

பேட்ச் பத்தி. 24 மணி நேர பேட்ச் 21, 14, 7 மி.கின்னு மூணு அளவுல வருது. இதுக்கு எண்ணிக்கைதான் கணக்கு, ஒரு நாளைக்கு 10க்கு மேல அடிக்கிறவங்க 21ல ஆரம்பிச்சு 6 வாரம், அப்புறம் 14 ரெண்டு வாரம், 7 ரெண்டு வாரம். 10ம் அதுக்குக் கீழயும்னா 14ல ஆரம்பிச்சு 6 வாரம், 7 ரெண்டு வாரம். முடி இல்லாத, காஞ்ச, சுத்தமான தோல்ல, மேல்கையிலயோ நெஞ்சுலயோ இடுப்புலயோ ஒட்டி உள்ளங்கையால 10 செகண்டு அழுத்திப் பிடிங்க, தேங்காண்ணெய் தடவுன இடத்துல ஒட்டவே ஒட்டாது. தினமும் இடத்த மாத்துங்க, இல்லன்னா அரிக்கும். ராத்திரி கனவா வந்து தூக்கம் கெட்டா படுக்கும்போது எடுத்துரலாம்.

என்னக் கேட்டா நெறைய அடிக்கிறவங்களுக்கு பேட்ச்சும் கம்மும் சேந்துதான் நல்லது. பேட்ச் நாள் முழுக்க அடில ஒரு அளவ நிறுத்தி வைக்கும், திடீர்னு வர்ற ஆசைக்கு கம்மு. ரெண்டும் சேத்து எடுத்தவங்க ஒண்ண மட்டும் எடுத்தவங்கள விட அதிகமா ஜெயிக்கிறாங்கன்னு நிறைய ஆராய்ச்சில பாத்திருக்காங்க. டாக்டர்கிட்ட இத நேரா கேளுங்க, 4 மி.கி கம்முக்கும் பேட்ச்சுக்கும் ஒரே சீட்டுல எழுதி வாங்கிக்கலாம். வெரனிக்லின், புப்ரோப்பியான்னு நிக்கோட்டின் இல்லாத மாத்திரையும் இருக்கு, அது டாக்டர் முடிவு பண்ணி குடுக்கிறது, யாரோ சாப்பிட்டாங்கன்னு கேட்டு வாங்காதீங்க.

யாரு டாக்டர கேக்காம வாங்கவே கூடாதுன்னா, சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, நெஞ்சுவலி கூடிக்கிட்டே போறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்கள யாரும் எச்சரிக்கிறதில்ல. ஆஸ்துமா, மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் மாதிரி தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுறவங்க, மனநல மருந்துல ஒலான்சபின், க்ளோசபின் சாப்பிடுறவங்க. புகைய நிறுத்துனா இந்த மருந்தோட அளவு ரத்தத்துல ஏறும், கம்மு போட்டாலும் ஏறும், ஏன்னா காரணம் புகை, நிக்கோட்டின் இல்ல. நிறுத்துற தேதிய முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொன்னா டோஸ கொறைச்சுக் குடுப்பாரு. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, தயவுசெஞ்சு வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க.

சிகரெட்ட விட்டுட்டு ஹான்ஸ், கூல் லிப்னு புகையிலைய வாயில ஒதுக்க ஆரம்பிக்கிற தம்பிங்களுக்கு, அது விட்டதே இல்ல, வாய்ப் புத்துநோய்க்கு நேர் வழி. வாய்க்கு ஏதாச்சும் வேணும்னா நம்மூர்லதான் ஏலக்காய்க்கு பஞ்சமே இல்லையே, ரெண்டு காய சட்டைப்பைல போட்டுக்கங்க. ஆசைங்கிறது ஒரு அலை, அஞ்சு நிமிஷத்துல தானா எறங்கும். முதல் மூணு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும்தான் கடுப்பு, கோவம், தலைவலி எல்லாம் உச்சத்துல இருக்கும், வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க. ஒருநாள் சறுக்கி ஒண்ணு அடிச்சிட்டா பேட்ச்ச பிச்சு எறிஞ்சிடாதீங்க, கம்மையும் நிறுத்தாதீங்க, அடுத்த மணி நேரத்துக்கான கம்ம போட்டுட்டு தொடருங்க.

பேச ஆளு வேணும்னா சிகரெட் பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356க்கு கூப்பிடுங்க, காசு கிடையாது, தெற்குப் பக்கத்துக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ்ல இருந்து தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசுறாங்க, அவங்களே திரும்பவும் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. அந்தப்பக்கம் தோட்டத்துல தங்கி வேலை பாக்குறவங்க ஒரு மாசத்துக்கு வேண்டிய ஸ்ட்ரிப்ப கீழ இருந்தே வாங்கிட்டு ஏறுங்க, மேல சின்னக் கடைல பெட்டிக்கடை சிகரெட்தான் ஈசியா கிடைக்கும். பஸ் பயணத்துக்கும் ஒரு ஸ்ட்ரிப் பையில இருக்கட்டும், பொது எடத்துல புகை பிடிக்கக்கூடாதுன்னு 1999லயே கேரளா ஹைகோர்ட் சொல்லியாச்சு, இப்ப நாடு முழுக்கவே அபராதம் உண்டு.

கழட்டுன பேட்ச்சுல இன்னும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி ரெண்டா மடிச்சு, கைக்கொழந்தையோ நாயோ எடுக்க முடியாத குப்பைல போடுங்க, போட்டுட்டு கைய சோப்பு போட்டுக் கழுவிருங்க. பிரிக்காத ஸ்ட்ரிப்பயும் பீரோ மேல வைங்க, பிள்ளைங்க அத மிட்டாய்னு நினைச்சு எடுத்துரும்.